பாதி வாக்கியம்

சமரச மையம் நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம், இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் உண்டு. ஆனால் வழக்குப் போட்டவரும் எதிராளியும் அதற்குள் ஒன்றாக மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்ற பயத்தில் பாதிப் பேர் படியேறித்தான் வருவார்கள். மூச்சு வாங்க வந்து உட்காருகிறவர்களுக்குச் சண்டை போடும் தெம்பு கொஞ்சம் குறைந்திருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட மேசை, ஐந்து நாற்காலிகள், ஒரு தண்ணீர் ஜாடி, பிளாஸ்டிக் டம்ளர்கள். முன்பு கண்ணாடி டம்ளர்கள்தான் இருந்தன. ஒருநாள் ஒரு மைத்துனர் ஒன்றை எடுத்து வீசியதற்குப் பிறகு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது அறை, அங்கே மத்தியஸ்தராக இருந்த சமாதானக்காவுடையது. அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய கணவர். தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிறவர், கையெல்லாம் எப்போதும் கிரீஸ். "ஊருக்கெல்லாம் சமாதானம், வீட்டுக்கு மட்டும் யுத்தம்" என்று ஒருநாள் மனைவிக்கு மதியச் சாப்பாடு கொடுக்க வந்த இடத்தில் விளையாட்டாகச் சொன்னார். அது பிடித்துக்கொண்டது. வக்கீல்கள், வாசலில் நிற்கும் காவலர், கடைசியில் மையத்தின் பொறுப்பாளரான ஓய்வுபெற்ற நீதிபதிகூட அவரைச் சமாதானக்கா என்றே கூப்பிட்டார்.

மையத்துக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் சுருக்கெழுத்தாளராக இருந்தார். கூண்டில் நின்று சாட்சிகள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எடுப்பார். அழுகைக்குக் குறியீடு கிடையாது என்பதால் அதை மட்டும் விட்டுவிடுவார். அண்ணன் தம்பிகள், புருஷன் பெண்டாட்டிகள், முதலாளி தொழிலாளிகள் என்று ஆயிரம் பேருடைய சண்டை அவர் விரல் வழியாகப் போனது. "இத்தனை பக்கம் அடிச்சேனே, ஒருத்தராவது நிம்மதியா வீட்டுக்குப் போனாங்களா?" என்று கணவரிடம் கேட்பார். சமரச மையம் தொடங்கியபோது, பயிற்சிக்கு முதலில் பெயர் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

பயிற்சியில் எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு தரப்பையும் சேர்த்து உட்கார வை. பிறகு தனித்தனியாகப் பேசு. ஒருவர் சொன்னதை அவர் சம்மதித்தால் மட்டும் மற்றவரிடம் எடுத்துப் போ. எடுத்துப் போகும்போது காரத்தைக் குறைத்துக் கொடு. இந்தக் கடைசி வித்தையில் சமாதானக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

தண்ணீர் பாட்டில் நிரப்பும் ஆலை ஒன்றில் இரண்டு மேற்பார்வையாளர்கள். அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். ஒருவருக்குப் பதவி உயர்வு வந்ததிலிருந்து எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. மூடி போடும் பிரிவிலிருந்து பெட்டி கட்டும் பிரிவுக்கு ஒரு தகவல் போக வேண்டுமானால் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினார்கள். ஆலை நிர்வாகம் அலுத்துப்போய் மையத்துக்கு எழுதியது. சமாதானக்கா போய் ஒருவரைத் தனியாக உட்கார வைத்தார்.

"அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சாப்பாடு இறங்காது மேடம்" என்றார் அவர்.

"இத அவர்கிட்ட சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க!"

சமாதானக்கா அடுத்த அறைக்குப் போனார். "உங்க சகலை சாப்பாட்டப் பத்திப் பேசினார். உங்க விஷயத்துல அவருக்குச் சாப்பாடே சரியா இறங்கறதில்லையாம்" என்றார்.

அந்த மனிதர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "எனக்கு மட்டும் இறங்குதா?" என்றார். அன்று மாலையே இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு எப்போதோ இருவரும் பேசிப் பார்த்து, நடந்தது என்னவென்று தெரிந்து, விழுந்து விழுந்து சிரித்ததாகக் கேள்வி. மையத்தில் இந்தக் கதையைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்கள்.

பதினொரு வருடம் இப்படித்தான் போயிற்று. அந்த வருடங்களில் அவர் கையில் வந்த பத்து வழக்கில் ஏழு கையெழுத்தில் முடிந்தன.

பிறகு அந்தத் தையல்காரப் பெண் வந்தாள்.

இருபத்தேழு வயது. ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. கணவன் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்ணாடி பொருத்துகிறவன். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. நான்கு மாதமாக அவள் கூட வேலை பார்க்கும் பெண்களோடு ஒரு விடுதி அறையில் தங்கியிருந்தாள். பிரிந்து போக வேண்டும் என்று அவள் மனுப் போட்டாள். சேர்ந்து வாழ வேண்டும் என்று அவன் மனுப் போட்டான். நீதிபதி இரண்டையும் சேர்த்து மாடிக்கு அனுப்பினார்.

அவன் மிக மரியாதையான ஆள். நேரத்துக்கு முன்பே வந்துவிடுவான். சமாதானக்கா உள்ளே வந்தால் எழுந்து நிற்பான். ஒரு நாற்காலி ஆடுகிறது என்று சொல்லி, பையிலிருந்து திருப்புளியை எடுத்து முடுக்கிக்கூடக் கொடுத்தான். அவள் பேசும்போது குறுக்கே பேச மாட்டான். அவள் பேசி முடித்ததும், "அவ சொல்றது எல்லாம் சரிதான் மேடம், நான் கோபக்காரன்தான்" என்பான். இப்படி ஒத்துக்கொள்கிற ஆணை அந்த அறை அதிகம் பார்த்ததில்லை.

முதல் இரண்டு அமர்விலும் அவள் திரும்பிப் போகமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டால், "பயமா இருக்குக்கா" என்பாள். எதற்குப் பயம் என்று கேட்டால் மேசையின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருப்பாள், தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. தனியாகப் பேசியபோது ஒன்று மட்டும் சொன்னாள். அம்மாவிடம் வந்து தங்கலாமா என்று கேட்டதாகவும், அண்ணனுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருக்கிறது, மூன்று மாதம் பொறுத்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டதாகவும். "அம்மா மேல கோபமில்லக்கா, இடம் இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

மூன்றாவது அமர்வு ஒரு மாதக் கடைசி வியாழக்கிழமை. வெளியே பெஞ்சில் இன்னும் இரண்டு வழக்குக்காரர்கள் காத்திருந்தார்கள். அந்த மாதக் கணக்கில் முடிந்த வழக்குகள் குறைவு என்று பொறுப்பாளர் காலையில் சொல்லியிருந்தார். அதெல்லாம் காரணமாகாது என்று சமாதானக்காவே பிற்பாடு சொல்லிக்கொண்டார். ஆனால் அன்று அவர் மனதில் அவையும் இருந்தன.

கணவனைத் தனியாக உட்கார வைத்து, "உங்க மனசுல என்ன இருக்குன்னு ஒரே ஒரு வாக்கியத்துல சொல்லுங்க" என்றார்.

அவன் தலையைக் குனிந்தபடி, மெதுவாக, கண்ணில் நீர் கோர்க்கச் சொன்னான்: "அவ இல்லாம என்னால அந்த வீட்ல இருக்க முடியல மேடம். அவள வேற எங்கயும் இருக்க விடவும் மாட்டேன்."

பழைய பழக்கத்தில் அவர் அதை முழுதாகச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். "இத அவங்ககிட்ட சொல்லலாமா?" என்றும் கேட்டார். அவன் தலையாட்டினான்.

அடுத்த அறையில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ இல்லாம அந்த வீட்ல அவரால இருக்க முடியலயாம்மா. கண் கலங்கிட்டார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேற எதாவது சொன்னாராக்கா?"

சமாதானக்கா ஒரு கணம் தயங்கினார். அந்த இரண்டாம் பாதி ஆண்கள் ஆற்றாமையில் உளறுவதில் சேர்ந்தது என்று அவருக்குத் தோன்றியது. அதைப் போய்ச் சொன்னால் மூன்று அமர்வின் உழைப்பும் வீணாகும் என்றும் தோன்றியது.

"மனசு விட்டுப் பேசினார்மா" என்றார்.

அவள் கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு, "சரிக்கா, போறேன்" என்றாள். ஆறு நிபந்தனைகள் எழுதினார்கள். கையை ஓங்கக் கூடாது, வேலைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது, வாரம் ஒருமுறை அம்மாவோடு பேச விட வேண்டும், இப்படி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். விதிப்படி சமாதானக்கா தன் குறிப்புத் தாளை அவர்கள் எதிரிலேயே நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். இந்த அறையில் பேசியது இந்த அறையோடு என்பதற்கு அதுதான் அடையாளம்.

பத்தொன்பது நாள் கழித்து, தேநீர் இடைவேளையில் மேசையில் கிடந்த செய்தித்தாளில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. மூன்றாவது மாடி மொட்டைமாடியிலிருந்து விழுந்து பெண் பலி. துணி காயப்போடப் போனபோது கால் வழுக்கியதாகக் கணவர் தகவல். பெண்ணின் தாய் கொடுத்த புகாரின் பேரில் போலீசார் விசாரணை. பெயரும் வயதும் ஆலையும் போட்டிருந்தது.

சமாதானக்கா செய்தித்தாளை மடித்து வைத்தார். எழுந்து போய் அடுத்த அமர்வை நடத்தினார். ஒரு கடைப்பங்காளிகள் தகராறு. அதில் யார் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை அவருக்கு நினைவில்லை. அதுவும் கையெழுத்தில்தான் முடிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பாதிய நான் விட்டுட்டேன்."

"நீயா தள்ளிவிட்ட?"

"தள்ளல. அவ என்னை நம்பிக் கேட்டா. வேற எதாவது சொன்னாரான்னு கேட்டா."

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்பிடறியா?" என்றார். சமாதானக்கா தலையாட்டினார். ஆனால் சாப்பிடவில்லை.

மறுநாள் பொறுப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். வயதான மனிதர், குரலை உயர்த்திப் பேசுகிற ஆள் அல்ல. முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போலீஸ்ல போய் சொல்லணும்னு நினைக்கிறீங்களா?"

"ஆமா சார்."

"சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும். இங்க பேசினத வெளிய சொல்ல மாட்டோம்கிற ஒரே நம்பிக்கைலதான் ஜனங்க இந்தப் படி ஏறி வராங்க. அந்தப் பொண்ணும் அதே நம்பிக்கைலதான் வந்தா. இன்னைக்கு நீங்க ஒண்ண வெளிய விட்டா, நாளைக்கு எவன் இங்க வந்து வாயத் திறப்பான்?"

அவர் சொன்னது தவறு என்று சமாதானக்காவால் சொல்ல முடியவில்லை. பதினொரு வருடமாக வந்தவர்களிடமெல்லாம் அவரே அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஐந்து மாதம் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துப்போக அடுத்த அறைக் கதவின் கைப்பிடியைத் தொடும்போதெல்லாம் கை அப்படியே நின்றுவிடும். ஒருமுறை அப்படி நின்றிருந்ததைப் பார்த்த காவலர், "கதவு மாட்டிக்கிச்சாக்கா?" என்று வந்து தள்ளித் திறந்துவிட்டார்.

ஆறாவது மாதம் அந்தத் தாய் வந்தார்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. வேலை முடிந்த கையோடு நீல நிறச் சீருடையிலேயே வந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, "மூணாவது ரூம் அம்மாவ" என்றார். முதல் நாள் அமர்வு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அவர் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். சமாதானக்கா தானே வெளியே வந்து, "உள்ள வாங்கம்மா" என்று கூப்பிட்டார்.

இருவரும் வட்ட மேசைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. தண்ணீர் ஊற்றி வைத்தார். அந்த அம்மா தொடவில்லை.

"உங்க மேல கேஸ் போட வரல. சண்டைக்கும் வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரெண்டு தடவை மாட்டேன்னு சொன்னவ மூணாவது தடவை எப்படி ஒத்துக்கிட்டா?"

"இங்க பேசினத வெளிய சொல்லக் கூடாதும்மா. சட்டம் அப்படி."

"சரி. யாருக்காகச் சட்டம்?"

"இங்க வரவங்களுக்காக."

"வந்தவங்க ரெண்டு பேர். ஒருத்தி போய்ட்டா. மிச்சம் இருக்கறவன் ரகசியத்தத்தான் நீங்க பூட்டி வெச்சிருக்கீங்க."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வார்டில் நோயாளியின் சொந்தக்காரரிடம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். சமாதானக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

"முதல் பாதிய மட்டும் சொன்னேன்."

"அவ ஒண்ணும் கேக்கலயா?"

"கேட்டா. வேற எதாவது சொன்னாரான்னு கேட்டா. நான் மறைச்சுட்டேன்."

வெளியே யாரோ செல்போனில் உரக்கப் பேசிக்கொண்டு போனார்கள். அது அடங்கிய பிறகு அந்த அம்மா பேசினார்.

"என்கிட்டயும் வந்து கேட்டா. அண்ணன் கல்யாணம் முடியட்டும், மூணு மாசம் பொறுன்னு சொல்லிட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பாக்கறப்ப வாழாவெட்டி ஒருத்தி நடுவீட்ல இருந்தா என்ன நினைப்பாங்கன்னு நினைச்சேன்." நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அத அவ இங்க சொன்னாளா?"

சமாதானக்காவுக்கு அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் தெரியும். ஒன்று மிருதுவானது. பதினொரு வருடம் அந்த அறையில் அந்த மாதிரி பதில்களைத்தான் கொடுத்திருக்கிறார். இல்லை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் இன்றைக்கு ஒரு ராத்திரியாவது தூங்குவார்.

"சொன்னா. கோபமில்லன்னும் சொன்னா. இடம் இல்ல, அவ்வளவுதான்னு சொன்னா."

அந்த அம்மாவின் முகம் மாறவே இல்லை. கைகள் மட்டும் சீருடையின் முன்பக்கத்தைப் பிடித்துக் கசக்கின. அழுவார் என்று சமாதானக்கா காத்திருந்தார். அழவில்லை. எழுந்து நின்றார்.

"கோர்ட்ல வந்து இதச் சொல்வீங்களா?"

"கூப்பிட்டா வரேன்."

"கூப்பிடச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படியில்தான் இறங்கினார்.

அழைப்பாணை வருவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. பொறுப்பாளர் ஒருமுறை கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். "நீங்க போறது உங்க மனசாட்சிக்காக. போகக் கூடாதுன்னு நான் சொல்றது இனிமே வரப்போற ஜனங்களுக்காக. ரெண்டுல எது பெரிசுன்னு எனக்கும் நிச்சயமா தெரியல" என்றார். சமாதானக்கா எழுந்து வந்தார்.

சாட்சிக் கூண்டில் ஏறியபோதுதான் அது எவ்வளவு குறுகலானது என்று அவருக்குத் தெரிந்தது. பதினான்கு வருடம் அதற்குக் கீழே, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவர். எதிரில் அந்தக் கண்ணாடிக்காரன் நின்றிருந்தான், தலை வாரி, சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு. கூண்டில் ஏறியவருக்குப் பழக்க தோஷத்தில் லேசாகத் தலை தாழ்த்தி மரியாதைகூடக் காட்டினான்.

அரசு வக்கீல் கேட்டார். சமாதானக்கா அந்த வாக்கியத்தைச் சொன்னார், அவன் சொன்ன அதே சொற்களில், அதே வரிசையில். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். சமரச அமர்வில் பேசியது எதுவும் சாட்சியமாகாது, இவர் சாட்சி சொல்லவே தகுதியில்லாதவர் என்று பிரிவு எண்களோடு பத்து நிமிடம் பேசினார். நீதிபதி புத்தகத்தைப் புரட்டினார். பிறகு ஆட்சேபம் ஏற்கப்படுகிறது என்றும், சாட்சி கடைசியாகச் சொன்னது பதிவிலிருந்து நீக்கப்படுகிறது என்றும் சொன்னார்.

கீழே உட்கார்ந்திருந்த தட்டச்சாளர் அந்த வரிகளை அழித்தார். எத்தனை முறை விசையை அழுத்த வேண்டும் என்பது சமாதானக்காவுக்குத் தெரியும். அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி எத்தனையோ முறை அழித்திருக்கிறார். அழிக்கப்படுவது யாருடைய வாழ்க்கையில் எந்த இடம் என்று அப்போது யோசித்ததே இல்லை.

தீர்ப்பு அந்த வருடக் கடைசியில் வந்தது. தள்ளிவிட்டான் என்பதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. அதனால் கொலை நிரூபணமாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள், ஆலைத் தோழிகள் காயங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கொடுமைப்படுத்தியதற்காக மூன்று வருடம். உள்ளே இருந்த காலம் கழித்து அவனுக்கு மிச்சம் இருந்தது ஒன்றரை வருடம்தான்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா சமாதானக்காவுக்காக நின்றிருந்தார். இருவருக்கும் நடுவில் பத்துப் பேர் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. அது போகாது. ஆனா நீங்க அந்த வார்த்தைய அங்க சொன்னீங்களே, அப்ப அவன் தலை நிமிரல. நீக்கறேன் நீக்கறேன்னு ஜட்ஜ் சொன்னப்பகூட நிமிரல. நான் பாத்தேன். அது போதும்னு சொல்ல வரல. பாத்தேன், அவ்வளவுதான்."

"நான் மன்னிப்புக் கேக்கணும்மா."

"கேக்காதீங்க" என்றார் அந்த அம்மா. "கேட்டீங்கன்னா நான் எதாவது பதில் சொல்லணும்."

அதன் பிறகு அவர்கள் சந்தித்துக்கொள்ளவில்லை.

மையத்திலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டதாக இரண்டு வரிக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தவர் பொறுப்பாளர். கடிதத்தின் அடியில் பேனாவால், "வருத்தத்துடன்" என்று தனியாக எழுதியிருந்தார். அவர் எச்சரித்ததும் நடந்தது. "மாடியில பாத்துப் பேசுங்க, அங்க பேசறது கோர்ட்டுக்கு வருது" என்று வக்கீல்கள் கட்சிக்காரர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். மாமனாரால் தனக்கு நேர்ந்ததை முதல்முறையாக வாய்திறந்து சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண், இரண்டாவது அமர்வுக்கு வராமலே நின்றுவிட்டாள். முதல் அறையில் இருந்த சக மத்தியஸ்தர் ஒருவர் இதைக் கடைவீதியில் பார்த்தபோது சமாதானக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். "அவ எங்க போனா, என்ன ஆனான்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதையும் சேர்த்து வெச்சுக்கோங்க."

சேர்த்து வைத்துக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும்?

ஒரு வருடம் வீட்டில் இருந்தார். கணவரின் பட்டறையில் யாருடைய மோட்டார் எது என்று சீட்டு எழுதி ஒட்டினார். கணவர் சும்மா இருக்கமாட்டாமல், "மோட்டாருக்கும் குழாய்க்கும் ஒத்துப்போகல, கொஞ்சம் பேசி முடிச்சு வை" என்று பழைய பாணியில் ஏதாவது சொல்வார். சில நாள் அவர் சிரித்தார். பல நாள் கேட்காதவர் போல எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு தொழிலாளர் நலச் சங்கம் ஒன்று கூப்பிட்டது. வேலையிடத் தகராறுகளில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேச ஆள் வேண்டும் என்றார்கள். சமாதானக்கா தன் கதையைச் சொன்னார். தெரியும் என்றார்கள். குடும்ப வழக்கு எடுக்கமாட்டேன் என்றார். சரி என்றார்கள்.

இப்போது அவர் வேலை செய்யும் விதம் வேறு. தொடங்கும்போதே இரண்டு தரப்பிடமும் சொல்லிவிடுகிறார்: "நீங்க சொன்னத எடுத்துட்டுப் போகச் சொன்னா, நீங்க சொன்ன மாதிரியேதான் எடுத்துட்டுப் போவேன். குறைக்க மாட்டேன், கூட்ட மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா இந்த ரூமோட நிறுத்த மாட்டேன். சம்மதம்னா பேசலாம்." இதைக் கேட்டு எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச முடியாத விஷயத்தை அவரும் சுமந்து போவதில்லை. பத்தில் மூன்றோ நான்கோதான் கையெழுத்தில் முடிகின்றன.

போன மாதம் ஒரு சலவை ஆலைக்குப் போனார். ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் இடம். நீராவிக் குழாய்கள், காது அடைக்கும் சத்தம், சுவரெல்லாம் வியர்வை. தேய்ப்புப் பிரிவில் இருந்த ஒரு பெண் தன் மேற்பார்வையாளர் மேல் புகார் கொடுத்துவிட்டு இரண்டு வாரமாக வேலைக்கு வரவில்லை. புகாரில் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார் என்று மட்டும் எழுதியிருந்தாள். "பேசி முடிச்சு விடுங்க மேடம், நல்லா வேலை செய்யற பொண்ணு" என்றார் மேலாளர்.

மேற்பார்வையாளரை முதலில் தனியாகப் பார்த்தார். அவன் சிரித்த முகத்தோடு உட்கார்ந்தான்.

"அவங்க திரும்பி வந்தா உங்களுக்கு எப்படி?"

"வரட்டும் மேடம். வந்தா நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துப்பீங்க?"

"சும்மா சொன்னேன் மேடம்."

"முழுசா சொல்லுங்க. அவங்ககிட்ட அப்படியே சொல்லணும்."

அவன் சிரிப்பு மாறாமல் தோளைக் குலுக்கினான். "அதான் சொன்னேனே. வந்தா பாத்துக்கறேன்னு சொல்லுங்க."

கிடங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் அந்தப் பெண் காத்திருந்தாள். சமாதானக்கா எதிரில் உட்கார்ந்தார்.

"நீ வந்தா பாத்துக்கறேன்னு சொன்னார். என்னன்னு கேட்டேன். பதில் இல்ல. ரெண்டு தடவை சொன்னார், ரெண்டு தடவையும் சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. பிறகு அவள், எழுத்தில் போடாததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். நீராவி அறைக்குப் பின்னால் இருக்கிற கதவு, அதன் சாவி அவனிடம் மட்டும் இருப்பது, தனக்கு முன்னால் அங்கே இருந்த இன்னொருத்தி ஏன் வேலையை விட்டாள் என்பது. முக்கால் மணி நேரம் பேசினாள். சமாதானக்கா குறிப்பெடுக்கவில்லை.

மேலாளரிடம் போய், "இது பேசி முடிக்கற விஷயம் இல்ல சார். விசாரணை வெக்கணும். அதுவரைக்கும் அந்த ஆளும் இந்தப் பொண்ணும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது" என்றார்.

"உங்கள சமாதானம் பண்ணி வெக்கத்தான மேடம் கூப்பிட்டோம்?"

"ஆமா. இங்க அது முடியாது."

படிவத்தில் "சமரசத்துக்கு ஏற்றதல்ல" என்று எழுதி, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார். மேலாளர் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

மூன்று வாரம் கழித்துச் சங்கத்தில் விசாரித்தார். விசாரணைக் குழு இன்னும் கூடவில்லை. மேற்பார்வையாளர் அதே பிரிவில்தான் இருக்கிறார். அந்தப் பெண்ணை ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். அவள் போய்க்கொண்டிருக்கிறாளாம்.

சமாதானக்கா அவளுடைய எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். பேருந்து இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. "தூரம்தான்கா, காலைல அஞ்சரைக்குக் கிளம்பணும்" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது. குழு கூடவில்லை என்று ஆலைக்கு அன்றைக்கே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். பதில் இல்லாததால் இந்த வாரம் இன்னொன்று எழுதியிருக்கிறார்.